மைலுக்குக் குறைவு

பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றா கேட்டீர்கள், டீச்சரம்மா? அது நீங்கள் எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெட்டியைக் கீழே வையுங்கள். பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதி அடங்கட்டும். இன்று சனிக்கிழமை, அங்கே போனாலும் ஆள் இருக்காது. வெயில் தாழ்ந்த பிறகுதான் காவல்காரர் வருவார், அப்போது போய்ச் சாவியை வாங்கிக்கொண்டால் போதும்.

எந்த ஊர் நீங்கள்? கடையநல்லூரா. அப்பா பெயர்? ம். என்ன உத்தியோகம் பார்த்தார்? தபால் ஆபீஸா. தபால் ஆபீசில் எல்லாரும்தான் இருக்கிறார்கள். சரி, விடுங்கள்.

ஊருக்குப் புதிதாக வருகிற வாத்தியார்கள் எல்லாரும் இங்கே இறங்கி என்னிடம்தான் வழி கேட்கிறார்கள். பகல் முழுக்க நான் இந்தக் கல்லில் இருப்பதால் கேட்கிறார்கள். பிறகு யாராவது, அந்தக் கிழவனிடமா கேட்டீர்கள் என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மறுநாளிலிருந்து பார்த்தும் பாராமல் போவார்கள். நீங்களும் அப்படித்தான் போவீர்கள். போங்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

எதிரே உரக்கடை தெரிகிறதா? சுவரில் சன்னல் மாதிரி நாலைந்து இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருக்கிறதே, அந்தக் கட்டடம். இந்த ஊசிக்குளத்தின் முதல் பள்ளிக்கூடம் அதுதான். என்னுடையது. நான்தான் மேனேஜர். வாசிக்கத் தெரியாத மேனேஜரா என்று நீங்கள் மனசுக்குள் நினைப்பது தெரிகிறது. என் பெயரை எழுதுவேன். அதற்குமேல் எனக்குத் தேவைப்படவில்லை. மேனேஜராக இருக்கிறவனுக்குப் படிப்பு வேண்டும் என்று சர்க்கார் விதியில் எங்கேயும் இல்லை. சொத்து வேண்டும், கட்டடம் வேண்டும், ஊரில் ஒரு மதிப்பு வேண்டும். மூன்றும் இருந்தது.

அப்போது வெள்ளைக்கார சர்க்கார். அந்தக் கட்டடம் எங்கள் பருத்திக் கிட்டங்கி. குற்றாலிங்கம் வாத்தியார் என்று ஒருவர் வேலை தேடி இந்தப் பக்கம் வந்தார். ஒரு எலிமெண்டரி பள்ளிக்கூடம் வைத்தால் சர்க்கார் அங்கீகாரம் கொடுக்கும், வாத்தியாருக்கு மானியத்தில் சம்பளம் வரும், மேனேஜர் என்று உங்கள் பெயர் ஜில்லா ஆபீஸ் வரைக்கும் போகும் என்று ஆசை காட்டினார். விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாயங்காலம் சாயங்காலம் எனக்கு வாசித்துக் காட்டுவார். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு இடம் வேண்டும். காற்று வர இவ்வளவு சன்னல் வேண்டும். குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி வேண்டும். கடிகாரம் வேண்டும், தேசப்படம் வேண்டும். நான் காதால் கேட்டே எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொண்டேன். பருத்தி வைக்கிற இடத்துக்கு யாராவது சன்னல் வைப்பார்களா? நான் சுவரை உடைத்து வைத்தேன். ஊர்க்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வாசலில் பலகை எழுதி மாட்டினோம். மேலே பள்ளிக்கூடத்தின் பெயர், அதற்குக் கீழே என் பெயர், அதற்கும் கீழே, எல்லா வகுப்புப் பிள்ளைகளும் சேர்க்கப்படுவர் என்று ஒரு வரி. வகுப்பு என்றால் சாதி. அதுவும் விதி. நான் விதிப்படி எழுதச் சொன்னேன். யாரையும் வர வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே போனதும் வேறு மாதிரி சொல்வார்கள். நான் யாரையும் தடுத்ததில்லை.

அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். ஊருக்குக் கிழக்கே ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைச் சொல்கிறேன். அவர்கள் எங்கள் தெருவில் நடக்கிற வழக்கம் இல்லை. மேற்கே எங்கள் காட்டு வேலைக்கு வருவார்கள், அறுப்புக்கு வருவார்கள், எல்லாம் கண்மாய்க் கரைவழியாகச் சுற்றி, சுடுகாட்டைத் தாண்டி வருவார்கள். தெரு நேர்வழி. கரை சுற்றுவழி. அவர்களுக்குச் சுற்றுவழிதான் பழக்கம்.

என் மகள் செண்பகம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்தாள். எனக்கு ஒரே பிள்ளை. ஐந்து முடித்தால் ஒரு சர்ட்டிபிகேட் வரும், அதற்குள் எழுத்து மனசில் நின்றுவிடும், அதன்பிறகு மறக்காது என்று குற்றாலிங்கம் சொல்வார். இடையில் நிறுத்தினால் இரண்டு வருஷத்தில் எல்லாம் அழிந்துபோய்விடுமாம். செண்பகம் நடந்துபோகும்போதே வாசிக்கிறவள். தீப்பெட்டியை வாசிப்பாள், சாக்கு மூட்டையில் இருப்பதை வாசிப்பாள். ராத்திரி சோறு வைத்துவிட்டு அவள் அம்மா உலகம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள், இவள் காடா விளக்குக்குக் கீழே உட்கார்ந்து ஏதாவது பொட்டலம் கட்டின காகிதத்தைப் பிரித்து வாசித்துக்கொண்டு இருப்பாள். ஊரில் வேறு எந்தப் பெண்பிள்ளையும் அப்படி இல்லை. மேனேஜர் மகள் இல்லையா.

இப்படி இருக்கும்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கம் ஞானாபரணம் வந்தான். வந்தார். அவன் இவன் என்று பேசினால் இப்போது கேஸ் போடுகிறார்கள், அதனால் வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஜனம்தான். எங்கேயோ மிஷன் சபையில் படித்து வாத்தியார் டிரெயினிங் முடித்தவர். ஒரு ஓலைக் கொட்டகை போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டார். நான் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த வண்ணார் வீட்டுப் பிள்ளைகளும் குயவர் வீட்டுப் பிள்ளைகளும் மெல்ல அங்கே போக ஆரம்பித்தார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால், அங்கே உள்ளே உட்கார்ந்து படிக்கிறோம் என்றார்களாம். இங்கே அவர்களை வாசல்படியில் உட்கார வைத்திருந்தோம். நல்ல காற்று வரும் இடம். உள்ளே இருக்கிற பிள்ளைகள்தான் புழுக்கத்தில் கிடந்தார்கள்.

அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது, இப்படியே போனால் அங்கீகாரம் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கீகாரம் போனால் மேனேஜர் பட்டம் போகும், அது ஒரு பக்கம். செண்பகம் ஐந்தாம் வகுப்பை எங்கே போய் முடிப்பாள்? பக்கத்தில் வேறு எந்த ஊரிலும் பள்ளிக்கூடம் இல்லை.

குற்றாலிங்கம்தான் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஒரு விதியைக் கண்டுபிடித்தார். அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தால், அதிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் கிடையாது. ஞானாபரணம் அப்போதுதான் மனுப் போட்டிருந்தார். நாங்கள் எதிர்மனுப் போட்டோம். இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் இடையில் இருப்பது மைலுக்குக் குறைவு என்று எழுதினோம். அவர், மைலுக்கு அதிகம் என்று எழுதினார். யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்க்கத் திரும்பவும் இன்ஸ்பெக்டரே வந்தார்.

கமாலுதீன் சாயபு என்று பெயர். மெலிந்த ஆள். அதிகம் பேச மாட்டார். கர்ணத்திடமிருந்து நிலம் அளக்கிற சங்கிலியை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். சங்கிலியைத் தளர விட்டால் ஒரு கணக்கு வரும், இழுத்துப் பிடித்தால் ஒரு கணக்கு வரும், பிற்பாடு இரண்டு பேரும் எனக்கு மேலே இருக்கிறவர்களுக்கு எழுதுவீர்கள், அதனால் ஒரு நுனியை நீங்கள் பிடியுங்கள், மறு நுனியை அந்த வாத்தியார் பிடிக்கட்டும் என்றார். தலையாரியோ வேலையாளோ பிடிப்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

தெரு ஆரம்பத்தில் நின்றோம். இதோ, இந்த இடம்தான். ஞானாபரணம் கரைவழியாகச் சுற்றி வந்து கிட்டங்கிக்குப் பின்பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தார். சாயபு தெருவைப் பார்த்தார்.

“இது பொதுத் தெருவா?”

“பொதுத் தெருதாங்க.”

“யார் வேணும்னாலும் நடக்கலாமா?”

இதிலே நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். நடக்கக் கூடாது என்று சொன்னால் தெரு கணக்கில் வராது. கரைவழியைத்தான் அளக்க வேண்டிவரும். அது மைலுக்கு அதிகம், எனக்கே தெரியும்.

“யார் வேணும்னாலும் நடக்கலாங்க. நான் யாரையும் தடுத்ததில்ல.”

“அப்ப அந்தப் பக்கத்து ஜனங்க ஏன் கரை வழியா சுத்தி வர்றாங்க?”

“பழக்கந்தாங்க. ஆடு மாடு மாதிரி. பழகின தடத்துலயேதான் வரும்.”

சாயபு கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கரைவழியையும் ஒருதரம் அளந்துவிடலாமா என்று கேட்டார். நான், “அது ஒரு வழியாங்க? முள்ளுக்காடு. மனுசன் நடக்கிற பாதையே இல்ல” என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு ஞானாபரணத்தைக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. நான் சுற்றிப் போய் அந்தப் பக்கம் நிற்கிறேன் ஐயா, வேறு யாராவது பிடிக்கட்டும் என்றார். தெருவில் அத்தனை வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. எனக்கு எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்று இருந்தது. நானே கூப்பிட்டேன்.

“வாரும் வாத்தியாரே. யாரு உம்மைத் தடுத்தா? வந்து பிடியும்.”

அவர் வந்தார். தெருவுக்குள் காலை வைக்குமுன்னே குனிந்து செருப்பைக் கழற்றப் போனார். சாயபு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் அதற்கும் சொன்னேன்.

“போட்டுக்கிட்டே வாரும். தரை சுடுதுல்ல.”

இதை நான்தான் சொன்னேன். இதை மட்டும் அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மகாத்மா செய்ய வேண்டிய வேலையை நான் செய்திருக்கிறேன், அதற்கு எனக்கு என்ன மரியாதை கிடைத்தது?

சங்கிலி அளப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் போகிறவன் சங்கிலியை முழுக்க இழுத்து ஒரு முளை அடிப்பான். பின்னால் வருகிறவன் அந்த முளைக்கு வந்து நிற்பான். முன்னால் போகிறவன் மறுபடி இழுப்பான். நான் முன்னால் போனேன். நான் நின்ற இடத்திலெல்லாம் அவர் வந்து நின்றார். சங்கிலியை இரண்டு பேரும் தளர விடவில்லை. இரும்பு அந்த வெயிலில் கொதித்தது. கொல்லர் வீடு, செக்குக்காரர் வீடு, அம்மன் கோயில் என்று ஒவ்வொன்றாகத் தாண்டினோம். என் வீடு தெருவின் கிழக்குக் கடைசி. அங்கே வந்தபோது செண்பகம் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சத்தமாகத்தான் சாத்தினாள். பிறகு ஓடை, ஓடைக்கு அப்பால் கொஞ்சம் காடு, கொட்டகை. கர்ணம் கணக்குப் போட்டுச் சொன்னார். மைலுக்குக் குறைவு.

நான் ஜெயித்துவிட்டேன். வேறு யாராவது அப்படி ஜெயித்திருப்பார்களா தெரியாது. மைல் கணக்கில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கொட்டகைக்கு அங்கீகாரம் கொடுக்க விதியில் இடமில்லை என்று சாயபு அங்கேயே சொல்லிவிட்டார். ஞானாபரணம் சங்கிலியைச் சுருட்டிக் கர்ணத்தின் காலடியில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனார். நான் ஆள் விட்டுக் கருப்பட்டியும் சுக்கும் வாங்கிவரச் சொன்னேன். கிட்டங்கியில் சாயபுக்குப் பானகம் கரைத்துக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். அவர் குடித்துவிட்டு, நன்றாக வாசிக்கிற பிள்ளை யாராவது இருக்கிறதா என்று கேட்டார். குற்றாலிங்கம் என் மகளைக் காட்டினார். அவள் கதவு சாத்தினதையும் மீறிப் பின்கட்டு வழியாக ஓடி வந்திருக்கிறாள், பானகத்துக்காக. சாயபு அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பலகையை வாசிக்கச் சொன்னார்.

அவள் சத்தம் போட்டு வாசித்தாள். பள்ளிக்கூடத்தின் பெயர். என் பெயர். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் சேர்க்கப்படுவர். திக்காமல் வாசித்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சாயபு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“அந்தக் கொட்டகைப் பிள்ளைக இனி இங்கதான் படிக்கணும் மேனேஜர். வேற பள்ளிக்கூடம் இல்லையே. தெருவும் பொதுத் தெருன்னு நீங்களே சொல்லியாச்சு. திங்கட்கிழமை வருவாங்க. உள்ள உக்கார வைங்க. ஒரு பிள்ளை தடைபட்டாலும் அங்கீகாரம் நிக்காது.”

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் என்ன டீச்சரம்மா? நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள். நான் ஒரு விதியைச் சொன்னேன். அவர் எனக்கு இன்னொரு விதியைச் சொன்னார். என் வாயிலிருந்தே வார்த்தையைப் பிடுங்கி என் கழுத்தில் மாட்டினார். குற்றாலிங்கத்துக்கு இது முன்னாலேயே தெரியும் என்றுதான் எனக்குச் சந்தேகம். புத்தகத்தை வாசித்தவர் அவர்தானே. எனக்கு அதில் பாதியைத்தான் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

திங்கட்கிழமை வந்தார்கள். நான் கிட்டங்கி வாசலில் நின்றிருந்தேன். ஞானாபரணம் முன்னால் வந்தார், பிள்ளைகள் பின்னால். தெரு நடுவில் வந்தார்கள். குளித்து எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். சிலதுகள் இரண்டு பக்கமும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தன. பிறந்ததிலிருந்து அந்த ஊரில்தான் இருக்கின்றன, ஆனால் எங்கள் தெருவை அன்றைக்குத்தான் பார்க்கின்றன. தெருவில் நின்ற யாரும் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் தடுக்கவில்லை. வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன். உள்ளே போனார்கள். என் மகள் பக்கத்தில் இடம் கேட்டு ஒரு பெண்பிள்ளை நின்றது. செண்பகம் நகர்ந்து இடம் விட்டாள். அந்தப் பிள்ளை உட்கார்ந்ததும் தன் சிலேட்டைத் துடைத்து அதனிடம் கொடுத்தாள்.

நான் மத்தியானம் பூட்டிவிட்டேன்.

குற்றாலிங்கம் என் பின்னாலேயே வந்தார். “மேனேஜர், இன்னைக்குப் பூட்டுனா திரும்பத் திறக்க முடியாது. ரெண்டே வருஷம் பொறுத்துக்கிடுங்க. பிள்ளை அஞ்சை முடிச்சிரட்டும்” என்றார். கட்டடம் என்னுடையது, பருத்தி வைக்க வேண்டும் என்றேன். மறுநாள் பருத்தி ஏற்றினேன். சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். இதில் விதிக்கு என்ன விரோதம்? நான் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடமே இல்லை, பிறகு யார் எங்கே வருவது?

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுவீர்கள். இங்கே பள்ளிக்கூடம் இல்லை. அதனால் ஒரு மைலுக்குள் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. அதனால் அந்தக் கொட்டகைக்கு அங்கீகாரம் கிடைத்தது. விதி. கொட்டகை ஓட்டுக் கட்டடமாயிற்று, பிறகு சர்க்கார் எடுத்து இன்னும் பெரிதாகக் கட்டினார்கள். நீங்கள் வேலைக்குப் போகிறது அதற்குத்தான். குற்றாலிங்கம் அங்கேயே உதவி வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுச் சோறு தின்ற மனுஷன். ஓடைக்கு அந்தப் பக்கம் போய் ஞானாபரணத்துக்குக் கீழே வேலை பார்த்தார். செத்த சேதி வந்தபோது நான் போகவில்லை.

ஆனால் தெரு திறந்தது திறந்ததுதான். பிள்ளைகள் நடந்த தெரு, பிறகு பெரியவர்களும் நடந்தார்கள். தெருக்காரர்கள் ஒரு பகல் மறித்துப் பார்த்தார்கள். போலீஸ் வந்தது. பொதுத் தெரு என்று ஊர் மேனேஜரே இன்ஸ்பெக்டர் முன்னால் சொல்லியிருக்கிறார், கர்ணம் சாட்சி என்றார் ஏட்டு. அத்தோடு முடிந்தது. அதன்பிறகு தெருக்காரர்கள் கோபத்தையெல்லாம் என்மேல் வைத்துக்கொண்டார்கள். நான் நடந்து போனால் கொல்லன் பட்டறையில் சுத்தியலை நிறுத்திவிட்டு, “வழி விடுங்கடே, பொதுத் தெரு மேனேஜர் வாராரு” என்பான். செக்குக்காரர் வீட்டில், தரை சுடுதே, செருப்பு போட்டிருக்கீரா என்று கேட்பார்கள். பெண்கள் சிரிப்பார்கள். என் பங்காளிகளும் சேர்ந்து சிரிப்பார்கள். இவர்கள் பிள்ளைகள் படிக்கத்தானே நான் சுவரை உடைத்தேன்? இவர்களுடைய பேரன் பேத்திகள் இப்போது ஓடை தாண்டி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். அதற்குக் கூச்சமில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் சிரிப்பு.

ஒருநாள் கொல்லன் அப்படிச் சொன்னபோது நான் திரும்பிவிட்டேன். கரைவழியாகச் சுற்றி வீட்டுக்குப் பின்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாளும் அப்படியே போனேன். பிறகு தெருவில் நான் கால் வைக்கவில்லை. இன்று வரைக்கும் வைக்கவில்லை.

செண்பகமா? பூட்டின பிறகு கொஞ்ச நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கிட்டங்கியில் மூட்டைக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்வாள். கொட்டகைக்கு அங்கீகாரம் வந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“தெருவுல அவங்ககூட நடக்கலப்பா. கரை வழியா சுத்திப் போயிட்டு வந்திருதேன். யாரும் பாக்க மாட்டாக.”

வேண்டாம் என்றேன். அது மனுசன் நடக்கிற பாதையில்லை, முள் என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஒருதரம் சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளை. பிறகு வயசு வந்தது, கடம்பூர்ப் பக்கம் நல்ல இடத்தில் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லை. நாலு மாடு நிற்கிறது. எழுத்துதான் போய்விட்டது. குற்றாலிங்கம் சொன்னமாதிரியே போய்விட்டது. பஸ்ஸில் வரும்போது போர்டைப் பார்த்து வாயை வாயை அசைப்பாள், முதல் எழுத்துக்கு அப்புறம் நின்றுவிடும், பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேட்டுத்தான் ஏறுவாள். அது பெண்பிள்ளைகளுக்குச் சகஜம்தானே. நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது, உங்களைச் சொல்லவில்லை.

உலகம்மாள் போய்ச் சேர்ந்தது போன ஐப்பசியில். எங்கள் தெருவில் இறந்தவர்களைத் தெருவழியாகத்தான் தூக்கிப் போக வேண்டும். அவளைத் தெருவழியாகக் கொண்டுபோனார்கள். நான் பின்கட்டு வழியாகக் கரைக்கு ஏறினேன். ஒரு நாளைக்காவது பிடிவாதத்தை விடும் என்று பங்காளிகள் சொல்லிப் பார்த்தார்கள். பிடிவாதம் ஒன்றும் இல்லை. பழக்கம். நான் முன்னாலேயே போய்ச் சுடுகாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் வர நேரமாயிற்று. தெருவில் வாசலுக்கு வாசல் நிறுத்துகிறார்கள் என்று கொட்டுச் சத்தத்தை வைத்துத் தெரிந்தது. எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தூரத்தில் வேறு யார் வீட்டுச் சாவோ வருகிற மாதிரி இருந்தது.

எல்லாம் முடிந்து அதே வழியாகத் திரும்பினேன். செண்பகம் பின்கட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். குதிகாலில் முள் ஏறியிருந்தது. நான் கவனிக்கவில்லை, அவள்தான் பார்த்தாள். உட்காரச் சொல்லிக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கை எடுத்து நெண்டி எடுத்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது, அன்றைக்குத்தான் அதைப் பக்கத்தில் பார்த்தேன். எடுத்த முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இந்த வழியத்தானப்பா நான் கேட்டேன்.”

அப்படி மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் அப்போது சின்னப் பிள்ளை. கால் மெத்தென்று இருக்கும். முள் குத்தும் என்றுதானே சொன்னேன். காலைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். பதினாறாம் நாள் முடிந்ததும் ஊருக்குப் போனாள். பிறகு வரவில்லை. மாடு இருக்கிறது, எப்படி வருவாள்?

ஞானாபரணமும் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். கண் தெரியாது. சாயங்காலத்தில் யாராவது கையைப் பிடித்துத் தெருவில் கோயில் வரைக்கும் நடத்திக்கொண்டு வருவார்கள். என் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று, மேனேஜர் இருக்காகளா என்று கேட்பாராம். ஒவ்வொரு நாளும் கேட்பாராம். இல்லை, கல்லுக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. என்னைச் சீண்டத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். வேறு எதற்கு இருக்கும்?

வெயில் தாழ்ந்துவிட்டது, புறப்படுங்கள். நேரே இந்தத் தெருதான். கோயில் வரும், பிறகு கடைசியில் பூட்டின வீடு ஒன்று வரும், அது என்னுடையது. ஓடையில் இப்போது பாலம் இருக்கிறது. தாண்டினால் பள்ளிக்கூடம். தூரம் கேட்டீர்களே, மைலுக்குக் குறைவு. நானே பிடித்து அளந்தது, தப்பாது.

என்னையா? கூட வரச் சொல்கிறீர்களா? நீங்கள் போங்கள் அம்மா. யாரும் தடுக்க மாட்டார்கள். நான் இப்படிக் கரைமேல் ஏறிப் போய்க்கொள்வேன். இப்போது அந்தத் தடத்தில் என்னைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை, இரண்டு நாள் போகாவிட்டால் உடை முள் வந்து மூடிக்கொள்கிறது. உங்கள் பெட்டிக்குப் பின்னால் ஒரு கவைக் கம்பு சாத்தியிருக்கிறேன் பாருங்கள், அதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். முள்ளை ஒதுக்க வேண்டும்.